குரங்கு தனியாக வராது

எங்கட கம்பஸ் விடுதியில் மத்தியானச் சோற்றுப் பார்சலை யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனால், திரும்பி வரும்போது பார்சல் இருக்காது. வெளியே மரக்கொப்பில் ஒருவர் குந்தியிருந்து பருப்பை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தலையில் தொப்பி வைத்த மாதிரி வட்டமாக மயிர், சிவந்த முகம். சிங்களத்தில் ரிளவா. விஞ்ஞானப் பெயர் மக்காக்கா சினிக்கா. இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லாத இனம். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் இருக்கு, எங்கட பருப்புக்கறிப் பட்டியலிலும் இருக்கு.

2023 ஏப்ரலில் இவர்கள் திடீரென்று செய்தியில் வந்தார்கள். நான் ஏ.எல் எழுதிப்போட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம். சீனாவில் உள்ள ஆயிரம் மிருகக்காட்சிசாலைகளுக்கு ஒரு லட்சம் குரங்கு கேட்கிறார்கள், அனுப்புவது பற்றி யோசிக்கிறோம் என்று அப்போதைய விவசாய அமைச்சர் சொன்னார். பேஸ்புக் முழுக்க மீம்ஸ். "முதல் நாடாளுமன்றத்தில இருந்து தொடங்குங்கோ" என்ற பகிடியை எத்தனை பேர் போட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. வவுனியாவில் தென்னந்தோட்டம் வைத்திருக்கிற என் மாமா மட்டும் சிரிக்கவில்லை. "கொண்டு போறதெண்டா மிச்சம் விடாமக் கொண்டு போகட்டும். லொறிக்கு நான் காசு தாறன்" என்றார். குரும்பையிலேயே பிடுங்கி எறிந்துவிட்டுப் போகிற குரங்கோடு வருசக்கணக்காகச் சண்டை பிடிக்கிற மனுசன். அவர் கோபம் நியாயமானது.

சுற்றாடல் அமைப்புகள் வேறொரு கேள்வி கேட்டன. மிருகக்காட்சிசாலைக்கு ஒரு லட்சம் எதற்கு? ஆய்வுகூடத்துக்கா? அந்தச் சந்தேகம் கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. சீனத் தூதரகம் அப்படியொரு கோரிக்கையே தங்களுக்குத் தெரியாது என்றது. விசயம் நீதிமன்றம் போய், அந்த வருசம் நடுப்பகுதியில் திட்டம் கைவிடப்பட்டது. எல்லாரும் மறந்தும் போனோம்.

எனக்குள் ஒன்று மட்டும் நின்றது. ஆய்வுகூடத்துக்குப் போனால் குரங்குக்கு என்ன நடக்கும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். குரங்கோடு சேர்ந்து என்ன போகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் விஞ்ஞானம் படித்த ஆளில்லை. ஓ.எல்லில் விஞ்ஞானத்துக்கு சி. கலைப்பீடத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம், இது கலங்களைப் பற்றிய கதை மட்டும் இல்லை என்று வாசிக்க வாசிக்க விளங்கியதுதான். என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். குரங்கை ஒரு மூலப்பொருளாக, அரிசி மூட்டை மாதிரி ஏற்றி இறக்குகிற பொருளாக, நாம் நினைத்த ஒவ்வொரு தடவையும் அதன் உடம்புக்குள் அமைதியாக இருந்த வைரஸ் எங்கள் பக்கம் திரும்பியிருக்கு. பிறகு பழியையும் குரங்கின் தலையிலேயே போட்டிருக்கிறோம்.

முதலில் ஒரு அடிப்படை விசயம். எங்கள் எல்லாருடைய உடம்பிலும் வைரஸ்கள் குடியிருக்கின்றன. காய்ச்சல் வந்து போனபிறகு உதட்டோரத்தில் ஒரு கொப்புளம் வருமே, அது ஹேர்பிஸ் வைரஸ். சின்ன வயதில் உள்ளே வந்து, நரம்பில் படுத்துக் கிடந்து, உடம்பு சோரும்போது எழும்பும். பெரிய கெடுதல் செய்யாது. மக்காக் இனக் குரங்குகளிலும் அதே குடும்பத்து வைரஸ் ஒன்று அதே மாதிரித்தான் வாழுது. குரங்குக்கு வாயில் சின்னப் புண், சிலவேளை அதுவும் இல்லை. ஆனால் அதே வைரஸ் மனிதரின் நரம்புக்குள் ஏறினால் மூளை வரைக்கும் போகும். சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றிய பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இறந்துபோகிறார்கள்.

இதற்குப் பெயர் பி வைரஸ். அந்த "பி" ஒரு மனிதரின் பெயரின் முதல் எழுத்து. 1932இல் நியூயோர்க்கில் போலியோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வில்லியம் பிரெப்னர் என்ற 29 வயது வைத்தியரை ஒரு ரீசஸ் குரங்கு கடித்தது. சில நாட்களில் உடம்பு செயலிழந்து இறந்துபோனார். அவருடைய உடலில் இருந்து எடுத்த வைரஸை ஆராய்ந்தவர்களில் ஒருவர் அல்பேர்ட் சேபின். பின்னாளில் போலியோ சொட்டு மருந்தைக் கண்டுபிடித்த அதே சேபின்தான்.

65 வருசம் கழித்து, 1997இல், அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு குரங்கு ஆய்வு நிலையத்தில் வேலை செய்த 22 வயதுப் பெண்ணின் கண்ணில், கூட்டுக்குள் இருந்த குரங்கிடமிருந்து ஏதோ ஒரு துளி தெறித்தது. கடி இல்லை, கீறல் இல்லை. ஆறு கிழமையில் இறந்துபோனாள். என் வயது. இதை வாசித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்குப் பிறகுதான் கண்ணுக்குப் பாதுகாப்பு அணிவது பற்றிய விதிகள் இறுகின. ஒரு தலைமுறைக்கு மேலாகத் தெரிந்திருந்த ஆபத்துக்கு ஒரு கண்ணாடி போடவைக்க ஒரு உயிர் தேவைப்பட்டிருக்கு.

பயப்படாதீர்கள். 1932இலிருந்து உலகம் முழுவதும் பதிவான பி வைரஸ் தொற்றுகள் ஐம்பது அளவில்தான். உடனே கழுவி மருந்து எடுத்தால் தப்பலாம். நான் சொல்ல வருவது அபூர்வமான ஒரு நோயைப் பற்றி இல்லை. ஒரு பழக்கத்தைப் பற்றி.

அந்தப் பழக்கம் நன்றாகத் தெரிகிற இடம் போலியோ தடுப்பூசி. 1950களில் அந்த வைரஸை வளர்க்கக் குரங்கின் சிறுநீரகக் கலங்கள் தேவைப்பட்டன. இந்தியக் காடுகளிலும் கோயில் சுற்றாடலிலும் பிடித்த ரீசஸ் குரங்குகள் ஆயிரக்கணக்கில் விமானம் ஏறின. (இந்தியா இந்த ஏற்றுமதியை 1978இல்தான் முழுதாக நிறுத்தியது.) சிறுநீரகம் என்றால் சிறுநீரகம் மட்டும் என்று நினைத்தார்கள். ஆனால் அந்தக் கலங்களுக்குள் ஒன்று மாறி ஒன்று வைரஸ் வந்துகொண்டே இருந்தது. கண்டுபிடித்தவற்றுக்கு வரிசையாக இலக்கம் போட்டார்கள்.

1960இல் அகப்பட்ட எஸ்.வி.40, அதாவது சிமியன் வைரஸ் 40, அந்த வரிசையில் வந்ததுதான். அதுவரை ஏன் அகப்படவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ரீசஸ் குரங்கின் கலத்துக்குள் அது எந்தச் சேதமும் செய்யாது. தன் சொந்த வீட்டில் இருக்கிற ஆள் மாதிரிச் சத்தமில்லாமல் இருக்கும். மோரிஸ் ஹில்மனும் பெஞ்சமின் ஸ்வீட்டும் அதை ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் கலத்தில் போட்டபோதுதான் கலங்கள் குமிழ் குமிழாக வீங்கின. வேறு வீட்டுக்குப் போனபிறகுதான் ஆள் இருப்பதே தெரிந்தது.

அதற்குள் தடுப்பூசி கோடிக்கணக்கானவர்களுக்குப் போடப்பட்டாயிற்று. போலியோ வைரஸைக் கொல்லப் பாவித்த போமலினுக்கு எஸ்.வி.40 முழுதாகச் சாகவில்லை. 1955 முதல் 1963 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 9 கோடி 80 லட்சம் பேர் போலியோ தடுப்பூசி எடுத்தார்கள். அவர்களில் 1 கோடி முதல் 3 கோடி பேருக்கு எஸ்.வி.40 கலந்த மருந்து போயிருக்கலாம் என்று பிறகு மதிப்பிட்டார்கள்.

இங்கே பேர்னிஸ் எடி என்ற பெண் விஞ்ஞானியைச் சொல்லாமல் போக ஏலாது. அமெரிக்க அரச சுகாதார ஆய்வு நிறுவனத்தில் தடுப்பூசிகளைச் சோதிப்பது அவருடைய வேலை. ரீசஸ் குரங்கின் சிறுநீரகக் கலச் சாற்றை ஹம்ஸ்டர் எலிகளுக்கு ஏற்றியபோது கட்டிகள் வளர்வதைக் கண்டார். மேலதிகாரியிடம் சொன்னார். அலட்சியம் செய்தார்கள். 1960இல் நியூயோர்க்கில் ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசினார். அனுமதி இல்லாமல் இனிப் பேசக் கூடாது என்று கண்டித்து, பிறகு தடுப்பூசி வேலையிலிருந்தே ஒதுக்கினார்கள். 1961இல் புதிய தடுப்பூசிகளில் எஸ்.வி.40 இருக்கக் கூடாது என்று விதி வந்தது. ஏற்கனவே கையிருப்பில் இருந்ததைத் திருப்பி எடுக்கவில்லை. 1963 வரை அது பாவிக்கப்பட்டது. ஊசி போட்ட பெற்றோருக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதைக்கு வரவேணும்.

போன வருசம் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் ஒரு வொய்ஸ் கட் வந்தது. "போலியோ மருந்தில குரங்குப் புற்றுநோய்க் கிருமி இருக்கு, பிள்ளையளுக்குக் குடுக்காதீங்கோ" என்று ஆரோ ஒருத்தர் அழுத்தமாகச் சொல்கிறார். மாமாவின் மகள், என் மச்சாள், அப்போது கைக்குழந்தைக்காரி. அந்தக் கிழமை கிளினிக்குக்குப் போகவில்லை. மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வந்து "இதெல்லாம் சும்மா புரளி" என்று சொல்லிவிட்டுப் போனாவாம். மச்சாள் நம்பவில்லை. இன்டர்நெட்டில் தேடிப் பார்த்திருக்கிறாள், எஸ்.வி.40 உண்மையாகவே இருந்திருக்கு. அப்ப புரளி என்று சொன்ன ஆள்தான் பொய் சொல்லுது என்று முடிவெடுத்துவிட்டாள்.

நான் போன் எடுத்து "மச்சாள், அது பாதி உண்மை" என்று தொடங்கினேன். மேலே எழுதினதெல்லாம் சொன்னேன். மிச்சப் பாதியையும் சொன்னேன். அந்த ஊசி போட்டவர்களைப் பல வருசமாகக் கவனித்த ஆய்வுகளில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. 2002இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் குழு ஒன்று எல்லா ஆதாரத்தையும் பார்த்துவிட்டு, எஸ்.வி.40 கலந்த ஊசி புற்றுநோயை உண்டாக்கியது என்றோ இல்லை என்றோ முடிவுகட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது. 1963க்குப் பிறகு அந்த வைரஸ் இருக்கா என்று சோதித்துத்தான் தடுப்பூசி வெளியே வருது. எங்கட நாட்டில் கடைசியாகப் போலியோ கண்டது 1993இல். அதற்குக் காரணமே அந்தச் சொட்டு மருந்துதான்.

"அப்ப ஏன் இதை ஒருத்தரும் எங்களுக்கு இப்பிடிச் சொல்லேல்ல?" என்று மச்சாள் கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. குழந்தையை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போனாள், பிந்தித்தான். ஆனால் அந்தக் கேள்வி சரியானது. பேர்னிஸ் எடி பேசியபோது வாயை மூட வைக்காமல், "இப்படி ஒரு வைரஸ் கண்டோம், இவ்வளவு தெரியும், இனி இப்படிச் சோதிக்கிறோம்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், அறுபது வருசத்துக்குப் பிறகு வவுனியாவில் ஒரு தாய் ஊசிக்குப் பயந்திருக்க மாட்டாள். பொய் மட்டும் என்றால் வதந்தி கனகாலம் ஓடாது. மறைத்து வைத்த உண்மையைத்தான் அது தின்று வளருது.

மறைத்தது ஒரு பிழை. கலந்தது இன்னொரு பிழை. எயிட்ஸ் ஆராய்ச்சியிலிருந்து ஒரு உதாரணம். ஆபிரிக்காவின் பல குரங்குகளுக்குள் எஸ்.ஐ.வி என்ற வைரஸ் இருக்கு, எச்.ஐ.வியின் மூதாதை. சூட்டி மாங்கபே என்ற மேற்கு ஆபிரிக்கக் குரங்கு அதை வாழ்நாள் முழுக்கச் சுமந்தும் பெரும்பாலும் நோய்ப்படுவதில்லை. ஆசிய மக்காக் குரங்குகளிடம் இயற்கையாக அது கிடையாது. ஆனால் 1980களில் அமெரிக்க ஆய்வு நிலையங்களில் இருந்த மக்காக்குகள் எயிட்ஸ் போன்ற நோயால் செத்தன. எப்படி வந்தது என்று பார்த்தால், அந்த நிலையங்களுக்குள்ளேயே மாங்கபேயிலிருந்து மக்காக்குக்குத் தாவியிருக்கு. ஆபிரிக்கக் குரங்கும் ஆசியக் குரங்கும் எந்தக் காட்டிலும் சந்தித்ததில்லை. சந்திக்க வைத்தது நாங்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேணும். அந்த விபத்தில் பிறந்த வைரஸை வைத்துத்தான் பிறகு எயிட்ஸ் மருந்துகள் பல சோதிக்கப்பட்டன. தொற்றும் முன்பே எடுத்தால் எச்.ஐ.வி வராமல் காக்கிற மாத்திரைகளுக்கு ஆரம்ப நம்பிக்கை 1995இல் மக்காக்குகளில் செய்த சோதனையிலிருந்துதான் வந்தது. ஆகவே "எல்லா ஆய்வையும் நாளைக்கே மூடுங்கோ" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே போலியோ சொட்டு மருந்து குடித்து வளர்ந்த பிள்ளை.

ஆனால் பழி போடுவதை நிறுத்தலாம். குரங்கம்மையை எடுங்கோ. 1958இல் கோப்பன்ஹேகன் ஆய்வுகூடத்தில் கூட்டுக்குள் இருந்த குரங்குகளில் அந்த அம்மையை முதன்முதல் கண்டார்கள், அதனால் அந்தப் பெயர். அதைக் காட்டில் வைத்திருப்பது பெரும்பாலும் எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணிகள் என்றுதான் இன்றைக்கு நம்பப்படுகிறது. குரங்கும் எங்களைப் போல ஒரு நோயாளிதான். ஆனாலும் 2022இல் நோய் பரவியபோது பிரேசிலில் குரங்குகளை அடித்தார்கள், நஞ்சு வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் "குரங்கு காரணமில்லை" என்று சொல்ல வேண்டி வந்தது. பிறகு பெயரையே எம்பொக்ஸ் என்று மாற்றினார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்றால், இல்லை. இப்போது பெரிய ஆய்வு நிலையங்கள், குறிப்பிட்ட சில வைரஸ்கள் இல்லாத குரங்குகளைத் தலைமுறை தலைமுறையாகத் தனியே வளர்க்கின்றன. நல்லது. பி வைரஸ், எஸ்.ஐ.வி மாதிரியானவை உள்ளே இருந்தால் வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்து, ஆராய்ச்சி முடிவும் பிழைக்கும். மருந்தால் குரங்கு சுகவீனமானதா, அதன் உடம்பில் முதலே இருந்த வைரஸாலா என்று தெரியாமல் போகும். ஆனால் அப்படி வளர்க்கக் காலமும் காசும் வேணும். 2020இல் கொரோனாவோடு சீனா காட்டு விலங்கு வர்த்தகத்தை மூடியது. ஆய்வுக் குரங்கின் விலை பலமடங்கு ஏறியது. விலை ஏறினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 நவம்பரில், காட்டில் பிடித்த நீள்வால் மக்காக்குகளைப் பண்ணையில் பிறந்தவை என்று சான்றிதழ் காட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள் என்று கம்போடிய அதிகாரிகள் உட்பட எட்டுப் பேர் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அதில் கைதான ஒரு அதிகாரியை 2024இல் ஜூரி விடுதலை செய்தது. யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் காட்டுக் குரங்குக்குப் பண்ணைச் சீட்டு ஒட்டினால், சீட்டைப் பார்த்து வைரஸ் வெளியே போகாது.

இப்போது எங்கட ஒரு லட்சத்துக்கு வாருங்கோ. எங்கட ரிளவாவின் உடம்பில் என்னென்ன இருக்கு? பொலன்னறுவையில் 1980களில் எடுத்த குரங்குகளின் இரத்தத்தில் டெங்கு வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். எங்களைக் கடித்துக் காய்ச்சலில் போடுகிற அதே டெங்கு. நுளம்புக்கு யார் மனிதர், யார் குரங்கு என்று கணக்கில்லை. அவைக்கும் எங்களுக்கும் நடுவில் நாங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய மதில் ஒன்றும் இல்லை. இந்த நிலைமையில் ஒரு லட்சம் காட்டு விலங்கைப் பிடித்து, கூட்டில் நெருக்கி, நாடு கடத்துவது பற்றிப் பேசும்போது, விலையும் தென்னை நட்டமும் மட்டும் மேசைக்கு வந்தது. பிடிக்கப் போகிற கூலியாட்களின் கை, லொறிச் சாரதி, கூடு கழுவுகிற ஆள் பற்றி ஒரு கதையும் இல்லை. வைரஸ் முதலில் தொடுகிறது அவர்களைத்தான். அமைச்சர்களை இல்லை.

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? அவருடைய நட்டம் உண்மை. நட்டஈடு, குப்பையைத் திறந்து கொட்டாமல் இருப்பது, காட்டை மேலும் வெட்டாமல் இருப்பது, தேவையான இடத்தில் கருத்தடை என்று அதற்கு வேறு வழிகள் இருக்கு. எல்லாம் மெதுவான வழிகள்தான், ஒத்துக்கொள்கிறேன். 2025 மார்ச்சில் நாடு முழுக்க ஐந்து நிமிசம் நின்று குரங்கு எண்ணினோமே, அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் எண்ணுவதாவது ஒரு தொடக்கம். தோட்டப் பிரச்சினையை ஏற்றுமதி வியாபாரமாக மாற்றுவது தீர்வில்லை. ஒருமுறை விலை வைத்துவிட்டால், பிறகு தென்னையைக் காப்பாற்றப் பிடிக்க மாட்டார்கள், காசுக்காகப் பிடிப்பார்கள்.

நான் கேட்பது பெரிதாக இல்லை. காட்டிலிருந்து ஆய்வுக்குக் குரங்கு பிடிப்பதை உலகம் நிறுத்தவேணும். அதற்கு நாங்களும் ஒரு வாசல் திறக்கக் கூடாது. ஆய்வுகூடத்தில் ஏதாவது வைரஸ் கண்டால் அதை முதல் நாளே, விளங்குகிற மொழியில், சனத்துக்குச் சொல்லவேணும். தமிழிலும்தான். குரங்கு இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளைக் குரங்கு இல்லாமல் செய்யவேணும். 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம்கூடச் சில வகை மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைப்பதாக அறிவித்திருக்கு. ஆக, முடியாத காரியம் இல்லை.

அதுவரை எங்கட பங்குக்குச் சின்ன விசயங்கள். கோயிலடியில் குரங்குக்குக் கையால் வாழைப்பழம் குடுத்து செல்ஃபி எடுக்காதீர்கள். கடித்தால், கீறினால், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் 15 நிமிசம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கட நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது விசர்நாய்க்கடி ஊசியை. வட்ஸ்அப்பில் குரங்கு வைரஸ் என்று ஏதாவது வந்தால் "புரளி" என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். எது உண்மை, எது இல்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். நேரம் எடுக்கும். எனக்கு மச்சாளோடு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

இதை எழுதி முடிக்கும்போது யன்னலுக்கு வெளியே ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, என் மேசையில் இருக்கிற பிஸ்கட் பக்கற்றைப் பார்த்துக்கொண்டிருக்கு. நான் யன்னலைச் சாத்துகிறேன். பயத்தில் இல்லை. அது அங்கே, நான் இங்கே இருப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.